நாத்தனார் கட்டிலில் பிறந்த பேஸ் கிட்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டேப்பக்கா அந்தக் கட்டிலைத் திருடவில்லை. கட்டில் அவள் வீட்டில்தான் இருந்தது. பிரித்துக் கட்டி, அலமாரிக்குப் பின்னால் சுவரோடு சுவராகப் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. அது நாத்தனாருடைய கட்டில் என்பது வேறு விஷயம். கல்யாணமாகிப் போனவள் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. "அங்க இடமில்ல அண்ணி, இருக்கட்டும், அப்புறம் ஆள் அனுப்பறேன்" என்றாள். அந்த ஆள் பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறான். இத்தனை நாள் அதைத் தூசி தட்டியது யார்? டேப்பக்கா. கால் விரலை அதில் இடித்துக்கொண்டு குதித்தது யார்? அதுவும் டேப்பக்காதான். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

டேப்பக்கா என்பது மார்க்கெட்காரர்கள் வைத்த பெயர். காலையில் தையல் கடை ஷட்டரைத் தூக்கும்போது அவள் கழுத்தில் ஏறுகிற இஞ்ச் டேப், சாயந்திரம் ஷட்டரை இறக்கும்வரை இறங்காது. சில நாள் அதோடேயே வீட்டுக்கு வந்து, அதோடேயே குளிக்கப் போய், பாதியில் தெரிந்து தன்னையே திட்டிக்கொள்வாள். கை சுத்தம், பேச்சு சுருக்கம். "தோளைக் குறுக்காதீங்க, நிமிர்ந்து நில்லுங்க" என்பதற்கு மேல் வாடிக்கைக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு மேடையேறி வாத்தியம் வாசிக்க ஆசை என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. அதில்தான் வந்தது வம்பு.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடைக்கு லீவு. அந்த நேரத்தில் அவள் கடையில் ஒரு இசைக்குழு ஒத்திகை பார்க்கும். குழுவுக்குத் தலைவி நாத்தனார், அதாவது டேப்பக்கா வீட்டுக்காரரின் தங்கை. பாட்டும் அவள்தான், கிட்டாரும் அவள்தான். பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து நாள் முழுக்க "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு உரமேறிய குரல். டிரம்ஸ் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். பேஸ் கிட்டார் வாசித்தது ஒரு மருந்துக் கடைக்காரர். பேஸ் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான கழுத்து, தடித்தடியாக நாலு கம்பி, பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும். காதில் விழுவதைவிட நெஞ்சில் விழுவதுதான் அதிகம்.

மூன்று வருஷமாக அவர்கள் ஒத்திகை பார்க்க, டேப்பக்கா ஓரமாக உட்கார்ந்து பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தும் தும் துணி வெட்டுகிற மேஜைக்குள் புகுந்து, மேஜையிலிருந்து கத்தரிக்கோலுக்கு ஏறி, அவள் விரலில் வந்து கிணுகிணுக்கும். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் அவள் பேசினால் பாதி வார்த்தைக்குள் யாராவது குறுக்கே புகுந்துவிடுவார்கள். இந்த வாத்தியத்தின் குறுக்கே யாரும் புகவில்லை. எல்லாரும் அதன் மேல் ஏறி நின்றுதான் ஆடினார்கள். மருந்துக் கடைக்காரர் போன் பேச வெளியே போனால் போதும், இவள் பேஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். போனில் அவர் பேசுகிற பேச்சு சாமானியத்தில் முடியாது. அப்படியே, பார்த்துப் பார்த்தும் திருடித் திருடியும், நாலு பாட்டு அவள் கைக்கு வந்துவிட்டது.

அந்த மனிதர் கடையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனார். வாத்தியமும் கூடவே போயிற்று. மார்க்கெட் கடைக்காரர் சங்க விழாவில் அரை மணி நேரம் கச்சேரி என்று பேசி முடித்தாகிவிட்டது, விழாவுக்கு இன்னும் மூன்றே வாரம். நாத்தனார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது டேப்பக்கா ஊசியைத் துணியில் குத்திவிட்டுச் சொன்னாள்.

"நான் வாசிக்கறேன்."

ஆம்புலன்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்களா? பேஸா? ஐயோ அண்ணி!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அது யாருக்குக் கேட்கப் போகுது? இருந்தா நல்லது, இல்லேன்னா குடி ஒண்ணும் முழுகிடாது. வாத்தியம் கொண்டு வாங்க, நீங்களே வாசிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை விட்டு அதுக்கடுத்த ஞாயிறு. வரலேன்னா பேஸ் இல்லாமலே போயிடலாம்."

கொண்டுவர மாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னது அது. டேப்பக்கா ஊசியை மறுபடி எடுத்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

வாத்தியக் கடையில் விலை கேட்டாள். கேட்டதும், ஏதோ தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் போல மரியாதையாகப் படியிறங்கி வந்துவிட்டாள். அடுத்து, மார்க்கெட் பின்பக்கத்தில் உடைந்த வாத்தியங்களைப் பழுது பார்க்கிற கம்பிக்காரரிடம் போனாள். அவர் கடையில் கட்டி வைக்க இடமில்லாமல் கிட்டார்கள் கூரையிலிருந்து தொங்கின, எல்லாவற்றின் மேலும் தூசி. வேனிலிருந்து விழுந்து உடம்பு நொறுங்கிப்போன ஒரு பேஸின் கழுத்து மட்டும் மூலையில் முழுசாக நின்றது. கம்பியை முறுக்குகிற காதுகள் நாலும் அதிலேயே இருந்தன.

டேப்பக்கா கழுத்தை ஒரு பார்வை, தூசியை ஒரு பார்வை பார்த்தாள். "நாலு கிட்டாருக்கு உறை தைச்சுத் தரேன். கான்வாஸ், உள்ளே பஞ்சு வச்சு, ஜிப் போட்டு. இந்தக் கழுத்து, கம்பி, கம்பி மாட்டற கட்டை, அப்புறம் அந்தச் சத்தம் பிடிக்கற காந்தக் கட்டை, எல்லாம் எனக்கு."

"உடம்பு?"

"உடம்பு என் வீட்டுல இருக்கு."

கம்பிக்காரர் ஒத்துக்கொண்டார். போனால் போகிறது என்று ஒரு விஷயமும் சொல்லிவைத்தார்: கழுத்து உச்சியிலிருந்து, குறுக்கே பதித்த கட்டைகளில் பன்னிரண்டாவதற்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து கம்பி முடிகிற இடத்துக்கும் அவ்வளவே தூரம் இருக்கவேண்டும், நூல் பிசகினாலும் அபஸ்வரம்தான். "நூல் பிசகற கையா இது?" என்று டேப்பக்கா நிமிர்ந்துவிட்டாள். அங்கே தொங்கிய ஒரு நல்ல பேஸை இறக்கி, செய்தித்தாளை ஒட்டிப் பரப்பி, சுற்றிப் பென்சிலால் வரைந்து, கழுத்துப் பள்ளம், காந்தக் கட்டை, ஒலி கூட்டுகிற குமிழ் எல்லாவற்றுக்கும் ஊசியால் ஓட்டை குத்தி மாதிரி எடுத்தாள். ரவிக்கைக்கு எடுப்பது போலத்தான். போகிற போக்கில் சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்சு விட்டும் வெட்டினாள், பழக்க தோஷம். மரத்தைப் பிடித்துத் தைக்க முடியாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "இருக்கட்டும், கொஞ்சம் பூசின உடம்பு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இப்போது உடம்புக்கு வருவோம். கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஒன்றரை இஞ்சு கனத்தில் நல்ல தேக்கு. முன்பக்கம் பாலிஷ் போட்டுத் தேன் நிறத்தில் மின்னியது. சுவர்ப்பக்கம் கரடுமுரடு. அதில் காம்பஸ் முனையால் யாரோ கீறியிருந்தார்கள்: கணக்கு டீச்சர் ஒழிக. யாரோ என்ன யாரோ, கையெழுத்தே சொல்லிற்று.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாது. பலகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இது என் தங்கச்சி கட்டிலாச்சே."

"ஆமா."

"கேட்டியா?"

"நீங்க கேளுங்களேன்."

அவர் எச்சில் விழுங்கிவிட்டு, வேலையிடத்திலிருந்து மரம் அறுக்கிற ஜிக்ஸா மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கையிடம் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்த மெஷினைப் பார்த்ததும் டேப்பக்காவுக்குப் பாதிப் பயம் போயிற்று. ஊசிக்குப் பதில் ரம்பம், மேலும் கீழும் போய் வருகிறது, அவ்வளவுதானே? வளைவில் வேகத்தைக் குறைக்கவேண்டும், முனையில் நிறுத்தித் திருப்பவேண்டும். முப்பது வருஷமாகக் கழுத்து வெட்டுகிறவளுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தரவேண்டும்? பலகையைக் கடைக்குக் கொண்டுபோய், துணி வெட்டுகிற மேஜையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டாள். தையல்காரி எப்போதும் துணியின் உள்பக்கத்தில்தான் சாக் போடுவாள். வெளிப்பக்கத்தில் கோடு விழுந்தால் மானம் போகும். கணக்கு டீச்சருக்கு மேலேயே மாதிரியை வைத்து, சாக்கால் கோடு இழுத்து, ஓட்டைகளில் ஆணி குத்தி, ஒரே மூச்சில் வெட்டி முடித்தாள். ஒரு பிசிறு இல்லை. பக்கத்துக் கடைக்காரர் கூட வந்து பார்த்து, பரவாயில்லையே என்றார்.

பிசகு எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியவில்லை. துணி என்றால் இரண்டாக மடித்துத்தான் வெட்டுவாள், இடது கை, வலது கை இரண்டும் ஜோடியாக வந்துவிடும். எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் கவலை இல்லை. பலகையை மடிக்க முடியுமா? உள்பக்கத்தில் வரைந்ததை நிமிர்த்திப் போட்டால், வலது இடதாகிவிடும். எத்தனையோ ஆயிரம் சட்டை வெட்டிய கை இந்த ஒரு சமாசாரத்தில் வசமாக மாட்டிக்கொண்டது.

மீதி வேலைகள் வெறி பிடித்த மாதிரி நடந்தன. உளியால் கழுத்துக்குப் பள்ளம் தோண்டினாள். பள்ளமும் தையலுக்கு விட்டபடிக் கொஞ்சம் லூசாக வந்தது. காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியை நாலாக மடித்துச் செருகி, திருகாணி போட்டு இறுக்கினாள், அசையவில்லை. வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய ரேடியோவிலிருந்து ஒலி கூட்டுகிற சாமானை எடுத்துப் போட்டார். தொட்டாலே சுற்றுகிற அளவுக்குத் தேய்ந்தது அது. தலைக்குக் குமிழ் இல்லாததால் டேப்பக்கா கோட்டுப் பித்தான் ஒன்றை ஒட்டிவிட்டாள், கறுப்பில், பெரியதாக, விளிம்பு வைத்தது. ஞாயிறு காலைதான் கம்பி மாட்டி முடிந்தது. மேஜையில் படுக்க வைத்தபடியே ஒரு கம்பியைச் சுண்டினாள். தும் என்றது. மேஜை அதிர்ந்தது. வீட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டுவிட்டார்.

"அடிப்பாவி," என்றார் அவர், "நிஜமாவே செஞ்சுட்டியே!"

டேப்பக்கா அடுத்த கம்பியையும் சுண்டினாள்.

பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். நாத்தனார், ஆம்புலன்ஸ்காரர், ஸ்பீக்கர் தூக்க நாத்தனாரின் வீட்டுக்காரர். அவர் மார்க்கெட் வாசலில் சாவி செய்கிறவர். இடது கைக்காரர். சாவி வெட்டுகிற மெஷினிலிருந்து கத்தரிக்கோல் வரை உலகத்தில் எதுவும் அவர் கைக்கு இணங்கியதில்லை. மனைவியின் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாலு பாட்டு வாசிப்பார், மனைவி இல்லாதபோது மட்டும்.

டேப்பக்கா சினிமாக் கதாநாயகி மாதிரி துணியை விலக்கி, பேஸை எடுத்து, தானே தைத்த வாரைத் தோளில் மாட்டினாள். மாட்டியதும் அது நேரே குப்புறச் சாய்ந்தது. மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய கொம்பு தரையைப் பார்த்தது. கீழே, கைக்கு எட்டாமல் ஒதுங்கி இருக்கவேண்டிய பித்தான் மேலே வந்து அவள் முழங்கைக்கு அடியில் உட்கார்ந்தது.

ஆம்புலன்ஸ்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அக்கா, இது இடது கைக்காரங்க வாத்தியம்."

பலகை, சாக், உள்பக்கம் எல்லாம் வரிசையாக டேப்பக்காவின் கண்முன் வந்து போயிற்று. அவள் நிற்கும்போதே சாவிக்காரர் மெல்ல வந்து, "ஒரு நிமிஷம், தங்கச்சி" என்று பேஸை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு சாமான் எனக்குன்னு செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

"அப்புறமென்ன!" நாத்தனார் கையைத் தட்டினாள். "வாத்தியமும் கிடைச்சாச்சு, ஆளும் கிடைச்சாச்சு. அண்ணி, உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்!"

அண்ணிக்கு அந்தக் கையாலேயே ஒன்று போடவேண்டும் போல இருந்தது. அதற்குள் சாவிக்காரர் ஆசையாகப் பேஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பார்த்து, உரக்க வாசித்தார். "கணக்கு டீச்சர் ஒ..." மீதியை ரம்பம் சாப்பிட்டிருந்தது.

நாத்தனார் பாய்ந்து வந்தாள். தடவிப் பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"இது என் கட்டில்! அண்ணி, என் கட்டிலையா அறுத்தீங்க? அண்ணா, நீ பார்த்துக்கிட்டா இருந்தே?"

அண்ணன்காரர் ஸ்பீக்கர் வயரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"சரி, போனது போகட்டும்" என்றாள் நாத்தனார், ரொம்பப் பெருந்தன்மையாக. "பலகையும் என்னுது, பொருந்தறதும் என் வீட்டுக்காரருக்கு. இனிமே பேச்சே இல்ல. இவர்தான் வாசிக்கப் போறாரு."

டேப்பக்கா மேஜையடிக்குப் போனாள். திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து, சாவிக்காரர் தோளில் தொங்கிய பேஸின் கழுத்தைப் பிடித்தாள்.

"பலகை உன்னுது, தாராளமா எடுத்துக்க. கழுத்து என்னுது. நாலு உறை தைச்சு வாங்கினது. கழட்டிக்கறேன்."

"அண்ணி!"

"கம்பியும் என்னுது. பித்தானும் என்னுது. பலகையை எடுத்துட்டுப் போய் படுத்துக்கோங்க."

முதல் திருகாணி கிறீச்சென்றது. சாவிக்காரர் குழந்தையைப் பறிகொடுக்கிற மாதிரி அலறினார். டேப்பக்காவுக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. "உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தரேன் அண்ணே, கால்மாட்டுப் பலகை மிச்சமிருக்கு" என்றாள். "மேடைக்கு ரெண்டு பேஸ் எதுக்கு? ஒண்ணே யாருக்கும் கேட்காது!" என்று நாத்தனார் கத்தினாள். ஆம்புலன்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு அழைப்பு வந்தா போயிடுவேன், சண்டையைச் சுருக்கமா போடுங்க" என்றார்.

கடைசியில் சண்டையைத் தீர்த்தது கழுத்துதான். அதன் உச்சியில் கம்பிகள் உட்காருகிற வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அதன் பள்ளங்கள் வலது கைக்காரருக்காக வெட்டியவை. தடித்த கம்பிக்கு ஒரு பக்கம் பெரிய பள்ளம், மெல்லிய கம்பிக்கு மறுபக்கம் சின்னப் பள்ளம். இடது கைக்கு மாற்றவேண்டுமானால் புதுக் கட்டை வேண்டும், அதைச் செய்கிற கம்பிக்காரர் வெளியூர் போயிருக்கிறார், விழா முடிந்துதான் வருவார். நாத்தனார் பல்லைக் கடித்தாள்.

"சரி. இந்த ஒரு விழாவுக்கு நீங்க வாசிங்க. தலைகீழா தொங்க விட்டுக்கிட்டே வாசிங்க. அதுக்கடுத்த வாரம் கட்டையை மாத்தி இவர்கிட்ட கொடுத்துடணும். கட்டிலுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லவேண்டியதாயிற்று. வேறு என்ன செய்ய? அரை மணி நேரம், நாலு பாட்டு, அதோடு சரி. டேப்பக்கா வீட்டுக்குப் போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, வாரின் ஒரு முனையைக் கழுத்தின் அடிப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டி, பேஸை நேராக நிற்கவைத்தாள். அந்த வாரம் முழுக்க, சட்டைக்குப் பித்தான் தைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் வாசித்தாள். ஒரே ஒரு தொல்லை. கையை ஆட்டி வாசிக்கும்போது முழங்கை அந்தக் கோட்டுப் பித்தானை உரசும். உரசினால் அது சுற்றும். சுற்றினால் சத்தம் அடங்கிவிடும். முழங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகினாள்.

விழா நாள் வந்தது. மார்க்கெட் மாடியில் சங்கத்தின் நீளமான ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அத்தனை கடைக்காரர்களும் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்புரை, ஆண்டறிக்கை, நன்றியுரை எல்லாம் முடிந்து, பாதிப் பேர் கொட்டாவி விடுகிற நேரத்தில் இவர்களைக் கூப்பிட்டார்கள். டேப்பக்கா மேடையேறியதும் கீழே ஒரு சலசலப்பு. "டேப்பக்காவா அது?" "கிட்டாரைத் தலைகீழா மாட்டியிருக்காங்க பாரு!" முதல் வரிசையில் சாவிக்காரர், மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பேஸையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. கொட்டாவிகள் நின்றன. காய்கறிக் கடைக்காரர் ஒருவர் காலால் தாளம் போட ஆரம்பித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் டேப்பக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கி வைத்திருந்த முழங்கை தன்னை மறந்து இறங்கியது. பித்தான் சுற்றியது. தும் தும் நின்றுபோயிற்று.

நின்றதும் என்ன ஆயிற்று தெரியுமா? கிட்டார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, குரல் இருக்கிறது. ஆனாலும் பாட்டுக்கு அடியிலிருந்த தரையை யாரோ உருவிவிட்டார்கள். காய்கறிக் கடைக்காரரின் கால் அந்தரத்தில் நின்றது. நாத்தனாரின் குரல் ஒரு அரை சுருதி வழுக்கி, தவித்து, தேடியது. அவள் சட்டென்று திரும்பி டேப்பக்காவைப் பார்த்தாள். டேப்பக்கா பதறிப்போய்ப் பித்தானைத் திருப்பினாள், தும் தும் வந்தது, பாட்டு எழுந்து நடந்தது. நாத்தனாரின் நெற்றி வேர்த்திருந்தது. பார்த்த டேப்பக்காவுக்கு மனதில் ஏதோ ஒன்று மெல்லத் தலைதூக்கியது. அது நல்ல எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது பாட்டு முடிந்தது, நல்ல கைத்தட்டல். நாத்தனார் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரையும் அறிமுகம் செய்தாள். டிரம்ஸைச் சொன்னாள். பிறகு, "பேஸ், எங்க அண்ணி. இன்னிக்கு மட்டும் உதவிக்கு வந்திருக்காங்க. அடுத்த வாரத்திலேருந்து என் வீட்டுக்காரர் வாசிப்பாரு" என்றாள். உதவிக்கு! தான் அறுத்து, தான் தோண்டி, தான் முறுக்கிய வாத்தியத்தோடு நிற்கிறவள் உதவிக்கு வந்தவளாம். டேப்பக்காவின் காது சிவந்தது.

கடைசிப் பாட்டு நாத்தனாரின் செல்லப் பாட்டு. அதன் நடுவில் ஓர் இடம் வரும். கிட்டார் நின்றுவிடும், பேஸும் டிரம்ஸும் மட்டும் நாலு சுற்றுப் போகும், அந்தப் பேஸ் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் உச்சத்தில் குரலை எடுப்பாள். அந்த இடம் வந்தது. கிட்டார் நின்றது, நாத்தனார் மைக்கை மறுபடி கழற்றிக் கையில் எடுத்தாள். முதல் சுற்று தும் தும் என்று போயிற்று. இரண்டாவது சுற்றின் ஆரம்பத்தில், டேப்பக்கா ஹாலைப் பார்த்துப் புன்னகை செய்தபடியே முழங்கையை இறக்கினாள்.

டிரம்ஸ் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்று, நாலு. நாத்தனார் வாயைத் திறந்தாள், எந்த ஸ்வரத்தில் தொடங்குவது என்று தெரியாமல் மூடினாள். ஆம்புலன்ஸ்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஐந்தாவது சுற்றுக்குப் போனார், பொறுமையான ஆள். நாத்தனார் மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அண்ணியிடம் வந்தாள்.

"அண்ணி, பித்தான் சுத்திடுச்சு."

"தெரியும்."

"தெரியுமா? போடுங்க!"

"அடுத்த வாரம் யாரு வாசிக்கறது?"

"மேடையில வச்சா கேட்கறது!"

"கீழ வச்சுக் கேட்டப்போ நீ சிரிச்சே."

ஆறாவது சுற்று. கடைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நாத்தனாரின் சிரிப்பு கழன்று விழுந்தது. கண்ணில் நிஜமாகவே பயம் தெரிந்தது, கிளினிக்கில் முன்னூறு பேரை அதட்டுகிறவள் கண்ணில்.

"அண்ணி, எனக்குச் சுருதி கிடைக்கல. நீங்க நிறுத்தினா எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க இல்லாம என்னால பாட முடியல, போதுமா? அடுத்த வாரமும் நீங்கதான், அதுக்கடுத்த வாரமும் நீங்கதான். இப்ப தயவுபண்ணிப் போடுங்க!"

கோபத்தில் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். நெஞ்சோடு பிடித்திருந்த மைக் அணையவில்லை. ஹால் முழுவதும், கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் உள்பட, ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அப்புறம் சாவிக்காரர் முதல் வரிசையில் எழுந்து நின்று, "போடு தங்கச்சி!" என்று கத்தினார். மனிதர் தன் பங்கையே விட்டுக்கொடுத்துக் கத்துகிறார் என்பது அவருக்கே உறைத்ததோ இல்லையோ. கூடவே மொத்த மார்க்கெட்டும் கத்தியது.

வெற்றி பெற்றால் சிரிக்கவேண்டும் என்று டேப்பக்கா நினைத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தப் பெண் தன்னிடம் ஒன்று வேண்டுமென்று கேட்டது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. நாத்தனார் கண்ணைப் பார்த்தபடியே, கம்பியிலிருந்து கையை எடுக்காமல், முழங்கையால் பித்தானைத் திருப்பினாள். தும் தும் எழுந்தது. நாத்தனார் மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தாள், அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, அண்ணியின் தோளை ஒட்டி நின்றுகொண்டே பாட்டை முடித்தாள்.